பாலைக் காய்ச்சுங்கள், பவளம் காத்திருக்கட்டும்

வீடு வீடாகப் போய்க் கடல்மீன் தொட்டி பராமரிக்கிற நம் தொழிலில் முக்கால்வாசிச் சண்டை மீனோடு வராது, மனுஷரோடுதான் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் "ஸ்டெல்லாக்கா சொல்லவே இல்லையே" என்று மூக்கைச் சிந்தக் கூடாது. உப்புத் தண்ணீர் கலக்க, விளக்கு மாட்ட, பம்பு கழுவ எல்லாம் கடையில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். கையில் இருக்கிற போனில் அதைவிட நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை என்னிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் உப்பு மூட்டையும் வாளியுமாகப் பஸ் ஏறி இறங்கி என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. அப்படி அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

புதுப் பவளத்தைத் தொட்டியில் எப்படிப் பத்திரமாகச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். சேர்ப்பது என்ன, ஒரு நிமிட வேலை. சேர்க்காமல் நிறுத்தி வைப்பதுதான் வேலை.

ஒருவர் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, சட்டைப் பித்தான் மாதிரி ஒரு சின்ன வில்லையில் ஒட்டிக் கொடுப்பார்கள். நாம் ஃப்ராக் என்கிறோம். பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் அந்த வில்லையின் அடியில் பூச்சி இருக்கலாம், முட்டை இருக்கலாம், இன்னொரு தொட்டியின் நோய் இருக்கலாம். வருகிற துண்டு தனியாக வருவதில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கடலிலிருந்து பெயர்த்தது என்று தெரிந்தால் கிட்டவே போகாதீர்கள். சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். சிதம்பரத்தில் ஞானசேகரன் என்று ஒருவர் வீடு. பிளம்பிங் கான்ட்ராக்டர். தன் தொட்டிக்குத் தானே குழாய் போட்டு, கீழே வடிகட்டும் பெட்டியும் தானே கட்டியவர். அந்த வேலையைப் பார்த்தாலே எனக்குப் பொறாமை வரும், ஓரிடத்தில்கூட ஒரு சொட்டு ஒழுகாது. உள்ளே குடைக்காளான் வடிவத்தில் ஒரு பெரிய தோல் பவளம், அதை ஒட்டி ஒரு ஜோடி கோமாளி மீன். கட்டைவிரல் அளவில் வாங்கி அந்தப் பவளத்தை அவர் வளர்த்திருந்தார்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "சரி." தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. படுக்கிறீர்களா என்றால் சரி. காலையிலிருந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வேலை போச்சு, பேச்சு போச்சு, நாலு பேரோடு டீக்கடையில் நிற்பது போச்சு. அவரிடம் மீந்திருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். அவர் மனைவி கலா என்னை வாசல் வரை வந்து வழியனுப்பும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"ஸ்டெல்லாக்கா, இதுக்கு ஒண்ணும் ஆவாம பாத்துக்குங்க. இதுவும் போச்சுன்னா அவுரு எதப் பாத்துக்கினு ஒக்காருவாரு?"

கலாவின் தம்பி கதிரவன் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். வருஷம் பூராவும் முகூர்த்தத்தோடே பிழைக்கிற ஆள். சட்டைப் பையில் பேனா இருக்காது, பாக்கெட் காலண்டர் இருக்கும். நல்ல பிள்ளை, மாமா மேல் உயிர். என்ன, அவசரக் குடுக்கை.

ஒரு புதன்கிழமை நான் வழக்கம்போல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கதிரவன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

"மேடம், நல்ல வேளை நீங்க இருக்கீங்க. மெட்ராஸ்ல ஒருத்தரு வூட்டுத் தொட்டியில வளந்தது. விடியக்காலைல பஸ் ஏறி எடுத்தாறேன். பன்னெண்டுக்குள்ள உள்ள எறக்கிடணும். அப்புறம் ராகு காலம் வந்துடும்."

திறந்து பார்த்தேன். பை நிறைய உப்புத் தண்ணீர், அதில் கல்லோடு ஒரு துண்டு. சின்னச் சின்னப் பித்தான் பூக்கள், நடுவில் ஆரஞ்சு, ஓரத்தில் பச்சை. ஜோவா என்று நாம் சொல்கிற ஜாதி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

"அழகா இருக்கு கதிரவா. ஆனா இன்னிக்கு உள்ள போகாது," என்றேன்.

அவன் முகம் விழுந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலாதான் மெதுவாகச் சொன்னாள். கீரப்பாளையத்தில் ஒரு ஜோசியர் சொல்லியிருக்கிறார். உயிருள்ள புதுசு ஒன்று ஞானசேகரன் நட்சத்திரம் வருகிற நாளில், நல்ல நேரத்தில் இந்த வீட்டுக்கு வந்தால் பேச்சு திரும்புமாம். "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் புதனும் நட்சத்திரமும் கூடி வந்திருந்தது அன்றைக்குத்தான்.

இப்போது நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஜோசியத்தைக் கிண்டல் செய்திருப்பீர்கள். எனக்கும் வாய் வரை வந்தது, நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் வேறு. ஆனால் அந்தப் பையன் தூங்காத கண்ணோடு நிற்கிறான். அந்தப் பெட்டிக்குள் பவளம் இல்லை, அவன் மாமாவின் குரல் இருக்கிறது. அதை ஒரு சொல்லில் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அதற்காகப் பையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டவும் முடியாது. அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாத கல். அதில் வருகிற நோய் அந்தப் பெரிய பவளத்தைப் பிடித்தால், இந்த மனுஷன் அதைத் தினமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"மாமாவையே கேட்டுடலாம்," என்றான் கதிரவன். நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினான். "மாமா, உள்ள வச்சிடலாமா?"

"சரி," என்றார் ஞானசேகரன்.

"பாத்தீங்களா? மாமாவே சொல்லிட்டாரு."

நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. என் வழக்கம் அது. வாழ்நாள் பூராவும் வாயில்லாத ஜீவன்களோடு குப்பை கொட்டியவள். பவளம் விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா, மீன் செவுள் வேகமாக அடிக்கிறதா என்றுதான் எனக்குப் பார்க்கத் தெரியும். அவருடைய இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. நரம்பு புடைக்கிற அளவுக்கு. அது எனக்கு உறுத்தியது. ஆனால் எனக்கே நிச்சயமில்லாததை அவர் பெண்டாட்டி முன்னால் எப்படிச் சொல்வது?

மணி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"கதிரவா, நீ புது வூட்டுக்குப் போனியே போன வருசம். பால் காய்ச்சுன அன்னிக்கேவா குடி போன?"

"இல்லியே. கரெண்டு கனெக்சன் வரல. நல்ல நாளு தாண்டிடும்னு பாலை மட்டும் காய்ச்சிட்டு வந்துட்டோம். சாமானெல்லாம் ரெண்டு மாசம் கழிச்சித்தான் ஏத்துனோம்."

"அந்த ரெண்டு மாசத்துல குடும்பத்துக்கு எதுனா கொறஞ்சு போச்சா?"

"அதெப்புடிக் கொறயும்? பால்தான் காய்ச்சியாச்சே."

"அப்ப இதுக்கும் பாலைக் காய்ச்சிடுவோம். நல்ல நேரத்துல வூட்டுக்குள்ள வந்துடட்டும். தொட்டிக்குக் குடி போறது அப்புறம்."

அவன் என்னைப் பார்த்தான். கலா அவனைப் பார்த்தாள். "ஜோசியரு வூட்டுக்கு வரணும்னுதானடா சொன்னாரு? தொட்டிக்கு உள்ளன்னு சொல்லலியே," என்றாள். நான் அப்போதே அவளுக்கு மனசுக்குள் ஒரு முத்தம் கொடுத்தேன்.

வேகமாக வேலை நடந்தது. என் வாளிக்குள் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருக்கும், உங்கள் வாளியிலும் இருக்கட்டும். அதைப் பெரிய தொட்டிக்கு அருகில் ஒரு ஸ்டூலில், அவர் கண்ணுக்கு நேராக வைத்தேன். பெரிய தொட்டியின் தண்ணீரையே ஊற்றி, காற்றுக் குழாயும் விளக்கும் போட்டேன். பையை மிதக்கவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கினேன். கலா சாமி மாடத்தில் விளக்கேற்றி, நிஜமாகவே பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தாள். பன்னிரண்டுக்கு முன்னால் கல்லை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சின்னத் தொட்டியில் இறக்கினேன். பெரிய தொட்டியில் போட்ட கையைத் துடைக்காமல் சின்னதில் போடாதீர்கள், சின்னதில் போட்ட வலையைப் பெரியதில் போடவே போடாதீர்கள் என்று கலாவிடம் சொன்னேன். கல்லை வெறுங்கையால் தொடவும் கூடாது என்றேன். ஞானசேகரன் கையைத் திரும்பிப் பார்த்தேன். பிடியை விட்டு மடியில் கிடந்தது. பால் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

பேச்சு அன்றைக்குத் திரும்பவில்லை. கதிரவன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் கடலூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. கலாதான். சின்னத் தொட்டியின் கண்ணாடியில் ஏதோ ஊர்கிறது என்றாள். நத்தை மாதிரி, ஓடு இல்லாமல், பவளத்தின் நிறத்திலேயே மயிர் மயிராக. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஜோவாவைத் தின்கிற பூச்சி. முக்கி எடுத்தபோது பூச்சி செத்திருக்கும். அடியில் இருந்த முட்டைக்கு மருந்து ஏறவில்லை, இப்போது பொரித்துவிட்டது. இதற்காகத்தான் நிறுத்தி வைப்பது. பெரிய தொட்டியில் ஒன்றும் இல்லை, பயப்படாதீங்க, மதியம் வர்றேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனைக் கதிரவன் வாங்கிவிட்டான். முந்தின நாள்தான் வந்திருக்கிறான்.

"நீங்க ஏன் மேடம் அம்மாந்தூரத்துலேருந்து அலையணும்? நான் பாத்துக்கறேன். அடுப்புல வெந்நி கொதிக்குது. கல்ல ஒரு கொதி உட்டு எடுத்தா பூச்சி, முட்டை, சகலமும் காலி. கொழந்தங்க பால் பாட்டில இட்லிச் சட்டியில போட்டு எடுக்கறதில்ல? அப்புடித்தான்."

தொட்டியிலிருந்து கையை வெடுக்கென்று உருவினேன்.

பிள்ளைகளே, இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தப் பித்தான் ஜாதியில் சிலதுக்குள் கடுமையான விஷம் இருக்கிறது. தண்ணீருக்குள் தன் பாட்டுக்குக் கிடக்கும்போது யாரையும் ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் ஆவியோடு ஏறி மூச்சில் போகும். அறையில் இருக்கிற அத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில் தள்ளிவிடும், ஆளையே கொண்டுபோனாலும் போகும். அந்த வீட்டில் தொட்டி சூடாகக் கூடாது என்று ஏசி போட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருப்பார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவே கிடையாது. கூடத்தில் எழுந்து ஓட முடியாத ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறார்.

"கதிரவா, வேணாம்," என்று கத்தினேன். டாக்டரும் பேஷண்டும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, ஒண்ணும் ஆவாது மேடம். மாமாவே சொல்றாரு பாருங்க."

போனுக்குள் கேட்டது. "சரி! சரி! சரி! சரி!" அதோடு டங்கு டங்கு என்று ஒரு சத்தம், எவர்சில்வர் டம்ளரால் எதையோ அடிக்கிற சத்தம்.

"கேக்குதா? இவ்ளோ சந்தோசமா மாமா பேசியே நாளாச்சு."

விஷம், ஆவி என்று நான் விளக்க ஆரம்பித்தால் அவன் வாதாடுவான். அவனுக்கு நம்பிக்கை என் மேல் இல்லை, மாமா மேல்தான். அந்த நொடியில் எனக்கு அந்தப் புதன்கிழமை இறுக்கிய கை ஞாபகம் வந்தது.

"கதிரவா, மாமா வாயப் பாக்காத. அவுரு கையப் பாரு. கை எப்புடி இருக்கு?"

"டம்ளர நசுக்கிடற மாதிரி புடிச்சிருக்காரு. நாக்காலியில போட்டு அடிக்கறாரு. மொகமெல்லாம் செவந்து..." அவன் குரல் இறங்கியது. "மேடம், அழுவறாரு."

"அவுரு சரின்னு சொல்லலடா. வேணாம் வேணாம்னு கத்துறாரு. அவுருக்கு அது ஒண்ணுதான் வாயில வருது. கல்லு எங்க இருக்கு?"

"கரண்டியில எடுத்து வச்சிருக்கேன். இன்னும் போடல."

"அப்புடியே திருப்பிச் சின்னத் தொட்டியில உடு. அடுப்ப அணை. ஜன்னலத் தொற. கையச் சோப்புப் போட்டுக் கழுவு. கழுவாம கண்ணத் தொட்டேன்னா நானே வந்து அடிப்பேன்."

டம்ளர் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டான் என்பதை அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் என்னைப் பேஷண்ட் நாற்காலியிலேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது கதிரவன் மாமாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். கலா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அவுருக்குத் தெரிஞ்சிருக்குக்கா," என்றாள். "விழறதுக்கு முன்ன, இதப் பத்தியெல்லாம் படிச்சிப் படிச்சிச் சொல்லுவாரு. நாந்தான் காதுல வாங்கல." ஆமாம், அந்த வீட்டிலேயே விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தோம். கை கால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் கலா பிறகு கேட்டிருக்கிறாள். அதுவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. சிலருக்கு ஒரே சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், மனசில் இருப்பது ஒன்று, வருவது அதுதான் என்று.

கல்லை என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பழைய வில்லையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முட்டையைச் சுரண்டி, புது வில்லையில் ஒட்டினேன். பிறகு வாரா வாரம் போய் முக்கி எடுத்தேன். ஒரு முறை முக்கியதும் சுத்தம் என்று நம்பாதீர்கள். இனிப் பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை என்று ஆன பிறகும் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

குடி போகிற நாளையும் கதிரவனே குறித்தான். மறுபடியும் ஒரு புதன். ஆனால் நான் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கதிரவன் காலண்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மாமாவின் கையைப் பார்த்தான். அது தொட்டியை நோக்கி நீண்டிருந்தது.

"ராகு பாட்டுக்கு ராகு இருக்கட்டும் மேடம். மாமா வெயிட் பண்றாரு, வைங்க."

எங்கே வைப்பது என்று நான் வேறு யாரையும் கேட்கவில்லை. பவளத்தைப் பாறையின் இடதுபக்கம் காட்டினேன். "சரி," என்றார், கை மூடியது. மேலே காட்டினேன். "சரி," கை மூடியேதான் இருந்தது. பெரிய பவளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கீழே, வெளிச்சம் அளவாக விழுகிற இடத்தில் கொண்டுபோனேன். கை மெதுவாக விரிந்தது. நான் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

பவளம் விரியக் கொஞ்ச நேரமாகும். எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தினமும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ரசம் சாதம் பெசஞ்சு எடுத்தாரட்டுமா?"

"சரி."

உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். திரும்பி வந்து அவர் கையைப் பார்த்தாள். இறுக்கி மூடியிருந்தது.

"ரசம் வேணாமா?" அவர் எதிரே குந்தினாள். "அப்ப சாம்பாரு?"

"சரி." கை திறக்கவில்லை.

"மீன் கொழம்பா? முள்ளு சிக்கிடும்னுதான் நான் செய்யறதே இல்ல... மீன் கொழம்பா வேணும்?"

"சரி," என்றார். ஐந்து விரலும் விரிந்தன.

"அய்யய்யோ! இத்தினி மாசமா நான் ரசம் சாதத்தையே ஊட்டிக்கினு கெடந்தேனே! ஜாஸ்தி சாப்புட மாட்டேங்கறாரேன்னு கோவிலுக்கெல்லாம் வேண்டிக்கினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் பாதி முகத்தால் சிரித்தார்.

"இந்நேரத்துக்கு மார்க்கெட்ல மீன் இருக்குமாடா?" என்று அவள் திரும்பினாள்.

கதிரவன் அங்கே இல்லை. ராகு காலத்தில் வாசல்படி தாண்டாதவன், கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.